வேதியியலின் முதல் மூன்று வாரங்கள்: புதிய ஆசிரியர் ஒருவருக்குப் பதில்

கேள்வி இது: “இந்த ஆண்டுதான் முதுகலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல். பாடநூல் மோல் (அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அலகு) கணக்கீட்டில் தொடங்குகிறது. பிள்ளைகளோ அலகு மாற்றவே திணறுகிறார்கள். அளவீடு, பருப்பொருள், ஆய்வகப் பாதுகாப்பு மூன்றையும் முதலில் நடத்திவிட்டுப் பாடத்துக்குள் போகலாமா? எத்தனை நாள் ஒதுக்கலாம்? எப்படி நடத்துவது?”

மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பிரிவு ஆசிரியர் மோலை முடித்துவிட்டு அணு அமைப்புக்குப் போயிருப்பார். தலைமையாசிரியர் உங்கள் பாடக்குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். பரவாயில்லை. அரையாண்டுத் தேர்வுக்குள் அந்த நாட்கள் வட்டியோடு திரும்பி வந்துவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் வேதியியல் நடத்தியிருக்கிறேன். மோல் கணக்கில் தோற்கும் பிள்ளைகளில் பலர் மோலுக்கு வந்து சேருவதே இல்லை. கிராமுக்கும் மில்லிகிராமுக்கும் நடுவிலோ, லிட்டருக்கும் கன சென்டிமீட்டருக்கும் நடுவிலோ முன்பே வழுக்கி விழுந்திருப்பார்கள்.

ஆனால் நீங்கள் சொல்லும் மூன்றையும் மூன்று பாடங்களாக நடத்தாதீர்கள். மூன்றிலும் நம் பிள்ளைகளைப் பிடித்திருக்கும் நோய் ஒன்றுதான்: கண்ட அளவை எழுதமாட்டார்கள், எது ‘சரியான’ விடை என்று நினைக்கிறார்களோ அதை எழுதுவார்கள். ரெக்கார்டு நோட்டு என்ற பெயரில் நாமே பழக்கிவிட்ட நோய் இது.

நோயைக் கண்டுபிடிக்க ஒரு முகவை நீர் போதும். முதல் செய்முறை வேளையில் குழுவுக்கு ஒரு தெர்மாமீட்டர் கொடுத்து, நீரைக் கொதிக்கவைத்து வெப்பநிலையைக் குறிக்கச் சொல்லுங்கள். எல்லாருடைய தாளிலும் 100 என்று இருக்கும். பிறகு நீங்கள் ஒவ்வொரு மேசையாகப் போய்த் தெர்மாமீட்டரைக் குனிந்து பாருங்கள். ஒன்று 98 காட்டும், ஒன்று 99, ஒன்று 101. பள்ளிக்கு வாங்கும் தெர்மாமீட்டர்கள் அப்படித்தான். “நீ கண்டது என்ன, எழுதியது என்ன?” என்று கேட்டால் பிள்ளை விழிக்கும். திட்டவேண்டாம். அடுத்து அதே தெர்மாமீட்டரை உருகும் பனிக்கட்டியில் வைக்கச் சொல்லுங்கள். சுழிக்குப் பதில் மைனஸ் ஒன்றோ இரண்டோ காட்டினால், பிழை நீரில் இல்லை, கருவியில் இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். ஊட்டியில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்ற செய்தியை அப்போது சொல்லுங்கள். அங்கே படிக்கும் பிள்ளையும் நோட்டில் 100 என்றுதான் எழுதுமா என்று கேளுங்கள். வகுப்பு சிரிக்கும், ஆனால் அதன் பிறகு கொஞ்சம் யோசிக்கும்.

ஓர் ஆண்டு நான் செய்த குறும்பு ஒன்று உண்டு. தரம்பார்த்தலுக்கு, அதாவது ஒரு கரைசலின் செறிவை இன்னொரு கரைசலால் அளந்தறியும் செய்முறைக்கு, பல ஆண்டுகளாக ஒரே செறிவில்தான் கரைசல் தயாரிப்போம். அந்த ஆண்டு யாரிடமும் சொல்லாமல் செறிவை மாற்றிவைத்தேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் பழைய விடையையே கொண்டுவந்தார்கள். அண்ணன், அக்காமார்களின் நோட்டு அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது! கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் குழாயான பியூரெட்டையே திறக்காத ஒருவன் 10.1, 10.1, 10.1 என்று மூன்று முறை எழுதியிருந்தான். உண்மையாகச் செய்த ஒரு பெண் மட்டும் அழுதுகொண்டு வந்தாள்: “எனக்கு மட்டும் தப்பா வருது சார்.” அன்றைக்கு முழு மதிப்பெண் அவளுக்குத்தான். ஏன் என்று வகுப்பு முழுவதற்கும் விளக்கினேன். நீங்களும் செய்துபாருங்கள். பருவத்துக்கு ஒருமுறை மாற்றினாலே போதும், அண்ணன் நோட்டின் மதிப்பு விழுந்துவிடும்.

அளவீட்டை எங்கே தொடங்குவது? பூக்கடையில். நெட்டையான அண்ணன் அளந்து தரும் முழமும் குட்டையான பாட்டி அளந்து தரும் முழமும் ஒன்றா? இரண்டு மாணவர்களை எழுப்பி ஒரே மேசையைச் சாணால் அளக்கச் சொல்லுங்கள். பொது அலகு எதற்கு என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும். எஸ்.ஐ. அலகுகளின் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி ஒரு வேளையை வீணாக்கவேண்டாம். அது நூலில் இருக்கிறது.

முக்கிய எண்ணுருக்கள், அதாவது ஓர் அளவீட்டில் நம்பி எழுதத்தக்க இலக்கங்கள்தான் பிள்ளைகளுக்கு வேப்பங்காய். விதிகளை மனப்பாடம் செய்வார்கள், 8, 8.0, 8.000 மூன்றும் ஏன் வேறு என்று கேட்டால் வாயடைத்துப் போவார்கள். எனக்குக் கைகொடுத்தது நகைக்கடை. ஒரு பவுன் என்பது 8 கிராம் என்று தெரியாத பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. நகைக்கடை ரசீதில் எடை 8.000 என்று மூன்று தசம இடங்களோடு இருக்கும். காய்கறிக் கடைத் தராசில் அதே நாணயத்தை வைத்தால் 10 என்று காட்டலாம், 5 என்று காட்டலாம், ஒன்றுமே காட்டாமலும் இருக்கலாம். 8.000 என்பதில் இருக்கும் அந்த மூன்று சுழிகளும் ஒரு நல்ல தராசு உழைத்துச் சம்பாதித்த சுழிகள். கால்குலேட்டர் காட்டுகிறது என்பதற்காக 2.6666667 என்று எழுதும் பிள்ளையிடம், “இந்தக் கடைசி ஏழை எந்தத் தராசில் நிறுத்தாய்?” என்று கேளுங்கள். விதி தானாகவே பிடிபடும்.

இதைச் சொன்ன சூட்டோடு ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவின் கதையையும் சொல்லிவிடுங்கள். காற்றிலிருந்து ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஈரம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மிஞ்சிய நைட்ரஜனை அவர் நிறுத்துப் பார்த்தார். அம்மோனியாவிலிருந்து எடுத்த நைட்ரஜனையும் நிறுத்தார். முதலாவது லிட்டருக்கு ஏறத்தாழ 1.257 கிராம், இரண்டாவது 1.251. அரை சதவீத வேறுபாடு. நம் பிள்ளையாக இருந்தால் இரண்டையும் 1.25 என்று எழுதி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியிருக்கும். ராலேயால் தூங்கமுடியவில்லை. 1892இல் நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதி, காரணம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று மற்ற வேதியியலாளர்களைக் கேட்டார். 1894இல் அவரும் வில்லியம் ராம்சேயும் விடையை அறிவித்தார்கள்: காற்றில் ஏறத்தாழ ஒரு சதவீதம் யாரும் அதுவரை அறியாத ஆர்கான் இருக்கிறது. நைட்ரஜனைவிடக் கனமான வாயு என்பதால்தான் அந்த வேறுபாடு. 1904இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு. ஒரு தனிமமே மூன்றாவது தசம இடத்தில் ஒளிந்திருந்தது என்றால், பின்வரிசை மாணவனும் நிமிர்ந்து உட்காருவான்.

அலகு மாற்றத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றே ஒன்று. அதை முழு வேளை நடத்துவேன். 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்படுகிறது. எரிபொருள் காட்டும் கருவி பழுது. தொட்டியில் அளவுகோல் விட்டுப் பார்த்ததில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். இன்னும் எத்தனை லிட்டர் ஊற்றவேண்டும்? எரிபொருளின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 0.8 கிலோகிராம். ஆனால் கணக்குப் போட்டவர்கள் பழக்கத்தில் 1.77 என்ற எண்ணை எடுத்துவிட்டார்கள். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண். கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணியை 1.77 வைத்தும் மற்றோர் அணியை 0.8 வைத்தும் கணக்குப் போடச் சொல்லுங்கள். முதல் அணிக்கு ஏறத்தாழ 4,900 லிட்டர் வரும். இரண்டாம் அணிக்கு 20,000 லிட்டருக்கு மேல். விமானத்தில் உண்மையில் இருந்தது ஏறத்தாழ 10,000 கிலோகிராம், தேவையில் பாதிகூட இல்லை. நடுவானில், 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்தது. விமானி அதை எஞ்சின் இல்லாத கிளைடர் போலச் சறுக்கிக் கொண்டுவந்து கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். கணக்கு முடியும்வரை விமானத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாதீர்கள். விடையைத் தாங்களே போட்ட பிறகு கேட்டால்தான் உறைக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதாத தாளுக்கு அரை மதிப்பெண் குறைப்பேன் என்று அதற்கு மறுநாள் அறிவித்தால் யாரும் முணுமுணுக்கமாட்டார்கள்.

கருவிகளைக் கையாளும் விதத்தைச் சொல்லித்தர ஒரு வேளை போதும், ஆனால் ஒவ்வொருவரும் தொட்டுச் செய்யவேண்டும். குழாயில் நீர்மத்தின் வளைந்த மேற்பரப்பான பிறைத்தளத்தின் அடிப்பகுதியைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அடர்நிறமான பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் அடிப்பகுதி தெரியாது, மேல்விளிம்பைத்தான் பார்க்கவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி, மேலே மறந்துவிட்ட புனல், பிப்பெட் என்னும் உறிஞ்சுகுழாயின் கடைசிச் சொட்டை ஊதித்தள்ளுவது, இந்த மூன்றும்தான் நம் பிழைகளில் முக்கால்வாசி. அந்தக் கடைசிச் சொட்டு நுனியில் நிற்கவேண்டியதுதான். அது நிற்கும் என்று கணக்கிட்டே பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

பருப்பொருளுக்கு வருவோம். திண்மம், நீர்மம், வாயு வரையறைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே ஒப்பித்துவிட்டு வந்திருப்பார்கள். நீங்கள் மறுபடி நடத்தினால் கொட்டாவிதான். மாறாக, ஒரு கேள்வி கேளுங்கள்: கொதிக்கும் நீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது? பதிலை ஆளுக்கொரு துண்டுத்தாளில் எழுதி வாங்குங்கள். ‘காற்று’ என்று வரும். ‘ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்’ என்று வரும். அதுவும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து. ‘வெப்பம்’ என்றும் சிலர் எழுதுவார்கள். நீராவி என்று எழுதுவோர் குறைவு. நீர் கொதித்தால் உடைந்துபோகும் என்று நம்பும் பிள்ளையிடம் பிணைப்பைப் பற்றிப் பேசி என்ன பயன்? இட்லிப் பானையின் மூடி தடதடப்பதைக் காட்டிப் பேசுங்கள். ஒரு மில்லிலிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கிறது. மூலக்கூறுகள் உடைவதும் இல்லை, பெருப்பதும் இல்லை, தள்ளித்தள்ளி நிற்கின்றன.

வீட்டுச் சமையல் எரிவாயு உருளையும் நல்ல பாடம். பெயர் எரிவாயு, உள்ளே பெரும்பகுதி நீர்மம். உருளையின் பக்கவாட்டில் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால், நீர்மம் இருக்கும் மட்டம் வரை ஈரம் மெதுவாகக் காயும். இதை வீட்டில் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள். 14.2 கிலோ என்பது உள்ளே இருப்பதன் எடை. காலி உருளையின் எடை தனியாக உருளை மேலேயே பொறித்திருக்கும். கழித்தல் கணக்கு ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது.

50 மில்லிலிட்டர் எத்தனாலையும் 50 மில்லிலிட்டர் நீரையும் கலந்தால் 100 வராது. 96, 97 அளவில் நிற்கும். நிறை மட்டும் மாறாது. எத்தனால் கிடைக்காத பள்ளியில் கொண்டைக்கடலையையும் கடுகையும் கலந்து காட்டுவார்கள். நல்ல உவமைதான், ஆனால் முழு உண்மை அன்று. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதும் அதில் பங்கு வகிக்கிறது. உவமை எங்கே முடிகிறது என்று சொல்லாமல் விட்டால், மூலக்கூறுகள் கடலை போல உருண்டையாக, அசையாமல் கிடக்கின்றன என்று பிள்ளை முடிவுகட்டிவிடும்.

அடர்த்திக்குப் பால்மானி, பாலில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியை அளக்கும் கருவி. நல்ல பாலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.03 கிராமுக்கு அருகில் இருக்கும், நீர் கலந்தால் குறையும். அதுவரை எல்லாருக்கும் புரியும். பிறகு கொக்கி போடுங்கள்: பாலாடையை எடுத்துவிட்டால் அடர்த்தி என்ன ஆகும்? குறையும் என்று வகுப்பே கத்தும். கூடும். கொழுப்பு நீரைவிட இலேசானது. அப்படியானால் பாலாடையையும் எடுத்துவிட்டு நீரையும் ஊற்றினால் பால்மானி ஏமாறுமா? மாட்டுத்தொழுவம் இருக்கும் வீட்டுப் பிள்ளை ஒன்று கமுக்கமாகச் சிரிக்கும். கலவை, தூய பொருள் என்ற பேச்சை அங்கிருந்து எடுங்கள்.

இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா என்று முப்பது எடுத்துக்காட்டுகளைப் பிரிக்கச் சொல்லும் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பது என் சொந்தக் கருத்து. உப்பு கரைவது போன்ற இடங்களில் அந்தக் கோடே மங்கல். அதற்கு மாறாக, மெல்லிய இரும்புப் பஞ்சைத் தராசில் நிறுத்து, எரித்து, மறுபடி நிறுத்துக் காட்டுங்கள். எரிந்தால் எடை குறையும் என்றுதான் அத்தனை பேரும் பந்தயம் கட்டுவார்கள். கூடும். கூடுதல் எடை எங்கிருந்து வந்தது என்று அவர்களே காற்றைச் சந்தேகிக்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். கடினமான வேலை அதுதான்.

இனி பாதுகாப்பு. விதிகளை முதல் நாள் பட்டியலாக எழுதவைத்துக் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அது நம் கோப்புக்குப் பாதுகாப்பு; பிள்ளையின் கண்ணுக்கு அல்ல. அந்தந்த வேலை வரும்போது, அந்தந்த இடத்தில், காரணத்தோடு சொல்லுங்கள். அமிலத்தைத்தான் நீரில் ஊற்றவேண்டும், நீரை அமிலத்தில் அல்ல. ஏன்? அடர் கந்தக அமிலம் நீரைப்போல் 1.84 மடங்கு கனம். அதன்மேல் ஊற்றிய நீர் மேலேயே தங்கி, வெளிப்படும் வெப்பத்தில் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் அள்ளிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். அடர்த்தியைப் போன வாரம்தான் நடத்தினீர்கள். இந்த விதியை அவர்களையே வருவிக்கச் சொல்லலாம்.

என் அனுபவத்தில் அடிக்கடி நேர்ந்த காயம் அமிலத்தால் அன்று, கண்ணாடியால். ரப்பர் தக்கையில் கண்ணாடிக் குழாயைத் திணிக்கும்போது உடைந்து உள்ளங்கையைக் கிழிக்கும். குழாயைச் சோப்புநீரில் நனைத்து, கையில் துணியைச் சுற்றி, தக்கைக்கு அருகில் பிடித்து மெதுவாகத் திருகவேண்டும். அடுத்தது சூடான கண்ணாடி. சூடான குழாயும் ஆறிய குழாயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்ற ஒரு வாக்கியத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும். சாராய விளக்கு என்றதும் வகுப்பு சிரிக்கும், சிரித்து முடியட்டும். எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றக்கூடாது, வாயால் ஊதி அணைக்கக்கூடாது, மூடியால்தான் மூடவேண்டும். அந்தச் சுடர் பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துப்பட்டாவை இறுக்கி முடிவதும் இரட்டைச் சடையைப் பின்னால் கட்டுவதும் அழகுப் பிரச்சினை அன்று. நம் சீருடைத் துணியில் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது; தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி மேலங்கி வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் இந்தக் காரணத்தோடு கேளுங்கள். காரணம் சொன்னால் வாங்கித் தருகிறார்கள்.

வாயால் பிப்பெட் உறிஞ்சும் பழக்கத்தை முதல் நாளே ஒழியுங்கள். நான் படித்த காலத்தில் அப்படித்தான் செய்தோம். சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு வாய் உள்ளே போய், நாக்கு வழவழத்து, இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். நாம் தரம்பார்க்கும் ஆக்சாலிக் அமிலமோ நஞ்சு. ரப்பர் குமிழ் பெரிய விலையில்லை.

கண்ணில் எது தெறித்தாலும் உடனே ஓடும் நீர், குறைந்தது பதினைந்து நிமிடம், இமையை விரித்துப் பிடித்து. அமிலம் பட்டதற்குக் காரம், காரம் பட்டதற்கு அமிலம் என்று நடுநிலையாக்கும் பாடத்தைக் கண்ணில் நடத்தக்கூடாது. கண்கழுவும் கருவி இல்லாத ஆய்வகத்தில் ஒரு குழாயில் மென்மையான ரப்பர் குழல் மாட்டிவையுங்கள். குழாயில் நீர் வருகிறதா என்று ஒவ்வொரு வேளைக்கும் முன்பு நீங்களே திறந்து பாருங்கள். அப்படியே மணல் வாளியையும். பெரும்பாலும் அதில் மணலைவிடக் காகிதக் குப்பை அதிகமாக இருக்கும்.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு: ஆபத்து சில நேரங்களில் நம் கையிலிருந்தே வருகிறது. மெத்தனாலில் உப்புகளைக் கரைத்து வண்ணச் சுடர் காட்டும் வேடிக்கையால் அமெரிக்காவில் மாணவர்கள் பலமுறை தீக்காயம் அடைந்திருக்கிறார்கள். அந்நாட்டு வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2014இல் அதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. நம் அறிவியல் கண்காட்சிகளில் இன்னும் எரிமலை கக்குகிறதே அம்மோனியம் டைகுரோமேட், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அந்தப் பச்சைச் சாம்பலோடு எரியாத துகளும் பறக்கும். கைதட்டலுக்காக அதைச் செய்யாதீர்கள். நீர் பட்டால் வெடிக்கும் சோடியம் வைத்திருக்கும் அலமாரிச் சாவி உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கவேண்டும். காகிதத்தில் ஒரு துண்டு மடித்துக்கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுப் பார்க்கும் வீரன் ஒவ்வோர் ஆண்டும் ஒருவன் பிறப்பான்.

வீட்டுக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வாயு வரும். குளிர்பானப் புட்டியில் அமிலம் ஊற்றி வைத்தால் யாராவது ஒருநாள் எடுத்துக் குடிப்பார்கள். இந்த இரண்டையும் பிள்ளைகள் அம்மாவிடம் போய்ச் சொன்னார்களா என்று மறுநாள் கேளுங்கள்.

கடைசியாக, கால அட்டவணையைப் பாருங்கள். செய்முறை வேளை மதிய உணவுக்கு முன்பு வந்தால், மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வேலையை நிறுத்திவிட்டு எல்லாரையும் கைகழுவ அனுப்புங்கள். உப்புப் பகுப்பாய்வில் காரீய உப்பைத் தொட்ட விரலால்தான் சோறு பிசைவார்கள். சோப்பு மட்டும் நீங்களே வாங்கிவைக்கவேண்டியிருக்கும். பள்ளி வாங்கித் தரும் என்று காத்திருக்கவேண்டாம்.